கைக்குள் கை வைத்துச் சொல்லும் சமாதானம்



கிறிஸ்தவ ஒன்றிப்புக்கான செப வாரத்தில், பசுமலை சி.எஸ்.ஐ. ஆலயத்தின் பிரசங்க பீடத்தில் ஓர் ஆர்.சி. சாமியாரை நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தச் சபையின் குருவானவருக்கும் சபையார் அனைவருக்கும் நன்றி. லூத்தரன் சபையிலிருந்தும் இரட்சணிய சேனையிலிருந்தும் பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்தும் வந்திருப்பவர்களுக்கும் என் வணக்கம்.

சற்றுமுன் யோவான் நற்செய்தியின் 17-ஆம் அதிகாரம் வாசிக்கக் கேட்டோம். இயேசு தம் சீடருக்காக மட்டும் வேண்டவில்லை. அவர்கள் சொல்லைக் கேட்டுப் பின்னால் நம்பப்போகிறவர்களும் ஒன்றாயிருக்க வேண்டும் என்று தந்தையிடம் கேட்கிறார். மறுநாள் சிலுவைக்குப் போகிறவர், உயிரோடிருந்த கடைசி இரவில் கேட்டது இது. அந்த வேண்டுதலில் நாமும் இருந்தோம், பசுமலையும் இருந்தது. இந்த மதுரை மண்ணில் அதற்குக் கிடைத்த ஒரு பதிலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1950-ஆம் ஆண்டு சனவரி மாதம். தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்து இரண்டேகால் ஆண்டுதான் ஆகியிருந்தது. அதன் சினாட் மதுரையில் கூடியது. அந்தக் கூட்டத்தில்தான் புதிய திருச்சபை தனக்கென்று எழுதிய திருவிருந்து ஆராதனை முதன்முதலாக நடந்தது. அதில் ஒரு கட்டம். குருவானவர் சமாதானம் கூறி, தம் வலது உள்ளங்கையை அடுத்தவரின் வலது உள்ளங்கையோடு சேர்த்து வைக்கிறார். இருவருமே தங்கள் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்கிறார்கள். பெற்றவர் திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்கிறார். இப்படியே வரிசை வரிசையாகச் சமாதானம் ஆலயத்தின் கடைசி வரை போகிறது. கொடுக்கிறவர் கையும் வாங்குகிறவர் கையும் ஒரே மாதிரிதான் இருக்கும். நான்கு கைகளில் மேலானது எது, கீழானது எது என்று சொல்ல முடியாது.

இந்த முறை இங்கிலாந்திலிருந்து வந்ததல்ல, அமெரிக்காவிலிருந்து வந்ததும் அல்ல. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் பல நூற்றாண்டுகளாகக் காத்துவந்த வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டது. வழிபாட்டுக் குழுவை நடத்திய லெஸ்லி பிரவுன் திருவிதாங்கூரில் பணி செய்தவர், சிரியன் சபைகளின் வழிபாட்டை நெருக்கமாக அறிந்தவர். அப்பத்தையும் இரசத்தையும் பற்றிய ஆண்டவரின் வார்த்தைகள் முடிந்ததும், அவருடைய மரணத்தை நினைவுகூர்ந்து, உயிர்ப்பை அறிக்கையிட்டு, வருகைக்குக் காத்திருப்பதாக மக்கள் சேர்ந்து சொல்லும் பகுதியும் அந்தக் கீழைத் திருச்சபையின் கொடைதான்.

அன்று ஆலயத்தில் இருந்தவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். 1947 செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஒன்றான மூன்று திருச்சபைகளின் மக்கள் அவர்கள். ஆங்கிலிக்கன் சபையார், மெதடிஸ்ட் சபையார், பிரஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் 1908-இல் இணைந்து உருவான தென்னிந்திய ஐக்கிய சபையார். பசுமலைக்காரர்களாகிய உங்கள் முன்னோர் காங்கிரிகேஷனல் வழியினர். 1842-இல் திருமங்கலத்தில் தொடங்கிய குருமடத்தை 1845-இல் இந்த மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்க மிஷனரிமார், பேராயர் என்ற பதவியே தேவையில்லை என்று நம்பியவர்கள். ஒவ்வொரு சபையும் கிறிஸ்துவின் கீழ் தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. அப்படிப்பட்ட சபைகள் 1947-இல் ஒரு பேராயரை ஏற்றுக்கொண்டன. வந்த பேராயர் லெஸ்லி நியூபிகினும் பேராயர்கள் இல்லாத ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து வந்தவர், காஞ்சிபுரத்தில் ஊழியம் செய்தவர். அவருக்கு அப்போது 37 வயது. பேராயரை அறியாத மக்களுக்குப் பேராயரை அறியாத திருச்சபையில் வளர்ந்த ஒருவர் பேராயரானார். இரு தரப்பும் தங்கள் பழக்கத்தில் ஒன்றை இறக்கி வைத்தன. ஆங்கிலிக்கன் சபையாரும் அப்படியே. பேராயரின் கை தலையில் படாத குருவானவர்களையும் குருவானவர்களாகவே ஏற்றுக்கொண்டார்கள். அதற்காக உலகின் பல பகுதிகளிலிருந்து அவர்கள் கேட்ட கண்டனம் கொஞ்சமல்ல.

இந்த ஒன்றிப்பு ஒரே நாளில் நடந்ததும் அல்ல. 1919-இல் தரங்கம்பாடியில் கூடி முதல் அறிக்கை எழுதியவர்கள் பெரும்பாலும் இந்தியக் குருமார்கள். அவர்களை நடத்தியவர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் வே. ச. அசரியா. அதற்குப் பிறகு 28 ஆண்டுகள் பேச்சுவார்த்தை. அசரியா 1945 சனவரி முதல் நாளில் இறந்துபோனார், ஒன்றிப்பின் நாளை அவர் கண் காணவில்லை. அவர் முன்வைத்த கேள்வி எளியது. மேல்நாட்டவர் தங்கள் நாட்டில் போட்ட சண்டையால் பிரிந்தார்கள், அந்தச் சண்டையில் பங்கில்லாத நம் மக்கள் எதற்காகப் பிரிந்து நிற்க வேண்டும்?

இந்தக் கேள்வியை ஒரு கத்தோலிக்கக் குருவாக நானும் தலைகுனிந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது. 1950-இல் எங்கள் திருப்பலி இலத்தீனில் நடந்தது. குரு மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நின்றார். உங்கள் குருவானவரோ மேசைக்குப் பின்னால் மக்களைப் பார்த்து நின்று, தமிழில் வழிபாடு நடத்தினார். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் எங்கள் பலிபீடம் மக்கள் பக்கம் திரும்பியது, மொழி தமிழானது, நாங்களும் ஒருவருக்கொருவர் சமாதானம் கூறத் தொடங்கினோம். உங்களைப் பார்த்துச் செய்தோம் என்று நான் சொல்லவில்லை. இரு தரப்பும் ஒரே ஊற்றுக்குத்தான் திரும்பிப் போனோம். கி.பி. 150-ஐ ஒட்டி உரோமையில் எழுதிய புனித ஜஸ்டின், மன்றாட்டு முடிந்ததும் ஒருவரை ஒருவர் முத்தமிட்டு வாழ்த்துவதையும், அதன் பிறகு அப்பமும் கிண்ணமும் கொண்டுவரப்படுவதையும் விவரிக்கிறார். அந்த வரிசைப்படி பார்த்தால், அப்பம் கொண்டுவருமுன் சமாதானம் கொடுக்கும் நீங்கள்தான் எங்களைவிட அவருக்கு நெருக்கமானவர்கள். நாங்கள் ஆண்டவர் கற்பித்த செபத்துக்குப் பிறகு அதைச் செய்கிறோம்.

அந்தச் செபத்தையே எடுத்துக்கொள்வோம். பசுமலையிலும் பழங்காநத்தத்திலும் மாமியார் ஆர்.சி., மருமகள் சி.எஸ்.ஐ. என்ற குடும்பங்களுக்குப் பஞ்சமில்லை. மாலையில் குடும்ப செபம் சொல்லும்போது, தீமையிலிருந்து விடுவிக்கக் கேட்கும் வரியோடு மாமியார் நிறுத்திவிடுவார். மருமகள் அரசும் ஆற்றலும் மகிமையும் கடவுளுடையவை என்ற புகழுரையைத் தொடர்ந்து சொல்வார். பிள்ளைகள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆனால் திருப்பலிக்கு வந்து பாருங்கள். அந்த இடத்தில் குரு ஒரு சிறு மன்றாட்டைச் சொன்னதும், மக்கள் எல்லாரும் அதே புகழுரையைத்தான் சொல்கிறோம். முதல் நூற்றாண்டை ஒட்டிய திதகே என்ற திருத்தூதர் போதனை நூலிலும் ஏறக்குறைய அந்தப் புகழுரை உண்டு. எனவே அம்மா, மருமகள் தொடரும்போது நீங்களும் கூடவே சொல்லுங்கள், தவறேதும் இல்லை.

ஞானஸ்நானம் இன்னும் ஆழமானது. இந்த ஆலயத்தில் தண்ணீராலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலும் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் நாளை கத்தோலிக்கத் திருச்சபைக்கு வந்தால், அவருக்கு மறுபடி நான் திருமுழுக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால், கடவுள் செய்ததைச் செய்யாதது என்று சொன்னவனாவேன். 1964 நவம்பர் 21-இல் வெளியான வத்திக்கான் சங்கத்தின் ஒன்றிப்பு ஏடு, திருமுழுக்குப் பெற்ற நீங்கள் கிறிஸ்துவின் உடலில் இணைந்தவர்கள், ஆண்டவரில் எங்கள் சகோதரர்கள் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. பெந்தெகொஸ்தே சகோதரர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை, இரட்சணிய சேனையார் தண்ணீர் ஞானஸ்நானமே கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வேறுபாடுகளை நான் மறைக்கவில்லை. ஆனால் இயேசு மனிதனான கடவுள், நமக்காக மரித்தார், உயிர்த்தெழுந்தார், மீண்டும் வருவார் என்பதில் இங்கே அமர்ந்திருக்கும் யாரும் பின்வாங்கமாட்டார்கள். கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் உறுதிப்படுத்திய நம்பிக்கை அது. அதற்கு 1700 ஆண்டு நிறைந்த 2025-இல், கீழைத் திருச்சபைகளும் மேலைத் திருச்சபைகளும் ஏப்ரல் 20 என்ற ஒரே நாளில் உயிர்ப்பு விழா கொண்டாடினோம். கணக்குப்படி வந்த ஒற்றுமைதான் என்றாலும், என் மனம் அதில் மகிழ்ந்தது.

தமிழ்நாட்டில் நாம் சேர்ந்து செய்த இரண்டு வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்க அறிஞர்களும் மற்றச் சபைகளின் அறிஞர்களும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கிய திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. சி.எஸ்.ஐ. திருச்சபையும் லூத்தரன் திருச்சபையும் 1969-இல் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி இதோ அரசரடியில் இருக்கிறது. 1947-இல் இணையாத லூத்தரன் பிள்ளைகளும் இணைந்த சி.எஸ்.ஐ. பிள்ளைகளும் அங்கே ஒரே வகுப்பில் வேதம் படிக்கிறார்கள்.

ஆனாலும் இன்று மாலை ஒரே மேசையில் நாம் திருவிருந்து உண்ணப்போவதில்லை. இதை நான் எளிதாகச் சொல்லவில்லை. ஒன்றாகச் செபித்துவிட்டு அப்பம் பிட்கும் நேரத்தில் தனித்தனியே போவது வலிக்கத்தான் வேண்டும். அந்த வலி பழகிப்போய்விடக் கூடாது என்பதுதான் என் பயம். குருத்துவம் பற்றியும் நற்கருணை பற்றியும் நம் திருச்சபைகள் இன்னும் ஒத்துவராத இடங்கள் உண்டு, அவற்றை இந்தப் பீடத்திலிருந்து நான் தீர்த்துவிட முடியாது.

ஆனால் மேசையைப் பிரித்த இன்னொன்று உண்டு. அது உரோமையிலும் இல்லை, ஜெனீவாவிலும் இல்லை. நம் தெருவில் இருக்கிறது. குருமடம் பசுமலைக்கு வந்த இரண்டே ஆண்டில், 1847-இல், அமெரிக்க மதுரை மிஷன் ஒரு கடுமையான முடிவெடுத்தது. சாதியை விடாதவருக்குத் திருவிருந்தும் இல்லை, உபதேசியார் வேலையும் இல்லை. மற்றச் சாதியாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதே அதற்குச் சோதனை. பலர் சாப்பிட மறுத்து விலகிப் போனார்கள். உபதேசியார்களும் போனார்கள். மிஷனுக்கு அது பெரிய இழப்பு. அந்த மிஷனரிகள் எல்லாவற்றிலும் சரியானவர்கள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதில் அவர்கள் ஆண்டவரின் மேசையைச் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்றே நினைக்கிறேன். 1606-இல் இராபர்ட் தெ நொபிலி வந்த எங்கள் பழைய மதுரை மிஷனில், உயர்சாதியாருக்கு ஒரு வகைக் குருக்கள், மற்றவருக்குப் பண்டாரசாமிகள் என்று பிரித்து வைத்திருந்த காலம் உண்டு. அதன் காயம் இன்னும் ஆறவில்லை. ஒரே ஊரில், ஒரே பங்கில், இரண்டு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் இடங்கள் தமிழ்நாட்டில் இன்றும் இருக்கின்றன. கல்யாணப் பேச்சு என்று வந்துவிட்டால் ஆர்.சி.யா சி.எஸ்.ஐ.யா என்பதை விட்டுக்கொடுக்கத் தயாராக இருக்கும் வீடுகளே, சாதியை மட்டும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்படியானால் நாம் எந்த ஒன்றிப்பைத் தேடுகிறோம்? வலது உள்ளங்கையைச் சேர்த்து, இடது கையால் மூடிச் சமாதானம் கொடுத்த அதே கை, ஆலயத்துக்கு வெளியே யார் வீட்டுத் தட்டைத் தொட மறுக்கிறது?

பிள்ளைகளே, பெரியவர்களே, உங்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஆண்டு உங்கள் தெருவில் வேறு சபையைச் சேர்ந்த ஒரு கிறிஸ்தவர் இறந்தால், எந்தச் சபை, எந்தச் சாதி என்று பாராமல், வாசலில் மாலை போட்டதோடு திரும்பிவிடாதீர்கள். அவருடைய ஆலயத்துக்குள் போய் உட்காருங்கள். அங்கே வாசிக்கப்படுவது பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்த பகுதியாகத்தான் இருக்கும், கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் 15-ஆம் அதிகாரம். பிறகு கல்லறைத் தோட்டம் வரை நடந்து போங்கள். அது எந்தத் தெருக்காரர்களின் தோட்டமானாலும் போங்கள். ஒரு பிடி மண் போடுங்கள். நல்லடக்கம் முடிந்து அந்த வீட்டார் சாப்பாடு வைத்தால், உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

ஆமென்.