ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

சரியாக ஒரு நூற்றாண்டு இடைவெளியில், அதே ஜூலை மாதத்தில், இங்கிலாந்தின் கரையிலிருந்து இரண்டு குடும்பங்கள் பாய்மரக் கப்பலேறி உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டன. 1876இல் சென்றது பிராஸி குடும்பத்தாரின் ‘சன்பீம்’, 1976இல் சென்றது குக் என்பவர் குடும்பத்தின் ‘வேவ்வாக்கர்’. முன்னதன் கதையைக் குடும்பத் தலைவி ஆனி பிராஸி 1878இல் நூலாக வெளியிட்டார். பின்னதன் கதையை, புறப்பட்டபோது ஏழு வயதுச் சிறுமியாயிருந்த அக்குடும்பத்தின் மகள் சூசன் ஹேவுட், 2023இல்தான் வெளியிட்டார். அம்பத்தூரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசித்த நாட்களில், ஒரு கேள்வி என்னை விடாமல் பற்றிக்கொண்டது: குடும்பம் எந்தத் திசையில் செல்வது என்று ஒருவர் தீர்மானிக்கும்போது, உடன் வருகிறவர்களின் சம்மதத்துக்கு என்ன ஸ்தானம்?

பிராஸி அம்மையார், நாற்பதுக்கு மேற்பட்டோர் சென்ற அக்கப்பலின் எஜமானி. கடல்மயக்கம் அடிக்கடி வாட்டியும், தஹிதியும் ஜப்பானும் இலங்கையும் கண்டு, பதினோரு மாதங்களில் பிள்ளைகளோடு வீடு திரும்பினார். மனம் ஒப்பிச் சென்றவரின் நூலில் ஆனந்தம் நிறைந்திருப்பது இயல்பே.

சூசனின் தந்தையோ, 1776இல் கேப்டன் ஜேம்ஸ் குக் மேற்கொண்ட மூன்றாம் யாத்திரையின் வழியே தாமும் சென்றுவர வேண்டுமென்று ஆசைப்பட்டார். மூன்று வருஷங்கள் என்று தொடங்கிய பிரயாணம் பத்து வருஷங்களாக நீண்டது. 1977இல், இந்து மகா சமுத்திரத்தின் தென்பகுதியில், பேரலை ஒன்று கப்பலைத் தாக்கியதில் சிறுமியின் மண்டையோடு உடைந்தது. ஆம்ஸ்டர்டாம் என்னும் சிறு தீவில், மயக்க மருந்தின்றி ஏழு முறை அவள் தலையில் சிகிச்சை நடந்தது. அந்தக் காயத்தைக் காட்டிலும் என்னை உருக்கியது, பள்ளிக்கூடத்துக்காக அவள் கொண்ட தாகம். சமையலும் துப்புரவும் போக மிஞ்சிய நேரத்தில், அஞ்சல்வழிப் பாடங்களைத் தானே படித்துத் தேறி, பதினேழாம் வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் இடம் பெற்றாள்.

இதை வாசிக்கையில் என் பால்யம் கண்முன் வந்தது. 1968இல் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தபோது எனக்கு ஒன்பது வயது. தாமிரபரணிக் கரையில் அரைப் பரீட்சை முடிந்து புதிதாக அட்டை போட்ட நோட்டுப் புத்தகங்கள் அப்படியே இருக்க, ஒரு நாள் பள்ளிவிட்டு வந்தால், தொழுவத்தில் செவலைக் கன்று இல்லை. முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடந்தது. மூன்றாம் நாள் நாங்கள் எழும்பூரில் இறங்கினோம். அப்பா விஜயந்தா டாங்கிகளின் மசகு படிந்த கைகளோடு மாலையில் வீடு திரும்பி, அந்தச் சம்பளத்தில் எங்கள் நால்வரையும் படிக்கவைத்தார். அந்தத் தீர்மானம் சரியானது என்பதில் எனக்கு இன்றளவும் சந்தேகமில்லை. ஆயினும், “கன்றைக் கொடுத்துவிடலாமா, தாயி?” என்று ஒரு வார்த்தை அவர் கேட்டிருந்தால், நானே அதைப் பிடித்துக்கொண்டு சந்தை வரை நடந்திருப்பேன். தீர்மானங்கள் எவ்வளவு நன்மையில் முடிந்தாலும், கேட்கப்படாத அந்த ஒரு வார்த்தையின் பாரத்தைக் குழந்தைகள் முதுமைவரை சுமக்கிறார்கள்.

சென்ற தை மாதத்தில் என் மகனுக்குப் பெர்த் நகரில் உத்தியோகம் அமைந்தது. அம்பத்தூர் ஏரிக்கரையில் என்னோடு நடந்துவந்த எட்டு வயதுப் பேத்தி, வெகுநேரம் பேசாதிருந்து, “பாட்டி, என்னை யாருமே கேக்கலையே” என்றாள். அன்றிரவு மகனிடம், “அவகிட்ட ஒரு வார்த்தை கேளுப்பா” என்று மட்டும் சொன்னேன்.

அவன் தரையில் உலகப் படத்தை விரித்து, அவளை அருகில் அமர்த்திக்கொண்டான். அவள் பிடிவாதம் பிடிக்கவில்லை. முழுப் பரீட்சை முடிந்து போகலாமா என்று கேட்டாள். அவன் சற்று யோசித்து, தான் முன்னே போவதாகவும், அவளும் அம்மாவும் மே மாதம் வந்தால் போதுமென்றும் சம்மதித்தான். பிறகு அவள், சூசனைப் புரட்டிப்போட்ட அதே நீலப் பரப்பின் மேல் விரலை வைத்து, சென்னையிலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டே போய்ப் பெர்த்தில் நிறுத்தி, “ஜன்னல் ஓரம் எனக்கு” என்றாள்.