கூறையும் கடனும்

மரபு அழிகிறதே என்று துக்கப்படுகிறவர்களில் அநேகர் அந்த மரபை உடம்பில் சுமக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள். தஞ்சை ஜில்லாப் புடவைகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கண் கலங்குகிறவர்கள் பேண்ட் போட்ட ஆண்கள்தாம். நானும் அவர்களில் ஒருவன். ஆபீஸுக்கு வேட்டி சௌகரியப்படவில்லை, விட்டோம். அதற்கு யாரும் இரங்கற்பா பாடவில்லை. புடவை மட்டும் கலாச்சாரமாகிவிட்டது.

வேட்டி கட்டி வந்த ஹைகோர்ட் நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை என்பதற்காக 2014ல் தமிழ்நாடு சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அவசியமான சட்டம்தான். ஆனால் அதன் தர்க்கத்தைக் கவனிக்க வேண்டும். மரபுடை ஆணிடம் உரிமையாக வருகிறது: கட்டலாம், யாரும் தடுக்கக் கூடாது. பெண்ணிடம் அதுவே கடமையாக வருகிறது: கட்ட வேண்டும், விடக் கூடாது. அழகான ஒன்றைக் காப்பாற்றும்படி இன்னொருவரைக் கேட்க நமக்கு என்ன பாத்தியதை இருக்கிறது என்பதே என் கேள்வி.

கட்டாயம் இருந்தால் கலையாவது பிழைக்கும் என்பார்கள். டெல்டாவின் அனுபவம் அப்படி இல்லை. கொடாலிக்கருப்பூர்ச் சேலை மராட்டிய அரண்மனைக்காக நெய்யப்பட்டது. பருத்தியில் ஜரிகை கோத்து நெய்து, மேலே மெழுகால் எழுதி, சிவப்பும் கறுப்புமாகச் சாயம் ஏற்றுவார்கள். சாயத்துக்குள்ளிருந்து ஜரிகை அடங்கி மின்னும். 1855ல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசில்லாமல் இறந்தார். ராஜ்யம் என்று மிஞ்சியிருந்ததும் கும்பெனியிடம் போயிற்று. கேட்க ஆளில்லாத சேலை மியூசியம் சேர்ந்தது. கூறைநாட்டுக் கதை வேறு. கூறை என்பது துணிக்குப் பழைய சொல். யாழ்ப்பாணத்திலும் கல்யாணப் புடவை கூறைதான். மாயவரத்தை ஒட்டிய கூறைநாட்டில் பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு நெய்தார்கள். அங்கே தறிச்சத்தம் அநேகமாக ஓய்ந்துவிட்டது. ஆனாலும் கூறை இல்லாமல் தாலி ஏறாது. வேறெங்கோ நெய்த ஒன்று அந்தப் பெயரில் வந்து சேருகிறது. கருப்பூரில் துணி மிஞ்சியது, கட்டுகிறவள் இல்லை. கூறைநாட்டில் கட்டாயம் மிஞ்சியது, துணி இல்லை. கட்டாயம் பெயரைத்தான் காப்பாற்றும் என்று தெரிகிறது.

இதற்கு நியாயமான ஓர் ஆட்சேபம் உண்டு. கட்டுகிறவளின் சுதந்திரத்தைப் பேசுகிறாயே, நெய்கிறவன் சோற்றுக்கு என்ன செய்வான்? ஒரு பெண் விட்டுவிடும் புடவை இன்னொரு பெண்ணின் கூலி. திருபுவனத்தில் ஒரு வீட்டில் ராட்டினத்தின் முன் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்த வயதான அம்மாளிடம், இந்தப் பட்டை நீங்கள் கட்டுவதுண்டா என்று கேட்டேன். "கல்யாணத்துக்கு ஒண்ணு எடுத்தது தம்பி. அப்புறம் எங்க?" என்றாள். கட்டியிருந்தது பாலியெஸ்டர். பாவு ஓட்டுவதிலும் தார் சுற்றுவதிலும் இவள் ஆயுள் போயிருக்கிறது. நெசவாளி என்ற பெயர் தறிக்குழியில் கால் வைத்த கணவனுக்கு. 2019ல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெருமை ஊருக்கு வந்தது. இவள் கூலியோடு அந்தப் பெருமைக்கு என்ன உறவு என்று எனக்குப் புலப்படவில்லை.

ஆட்சேபத்தை நான் ஒதுக்கவில்லை. நெசவாளிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அது எல்லோருடைய கடன். அதை மணப்பெண்ணின் தோளில் மட்டும் போடுவது கணக்குத் தப்பு. இலவச வேட்டி சேலைத் திட்டம் 1983ல் வந்தது. 22 ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கிய சட்டம் 1985ல் வந்தது. பிற்பாடு அது 11 ஆகக் குறைந்தது. அரைகுறையானாலும் கடனைப் பொதுவில் வைத்த முயற்சிகள் இவை. விசைத்தறிக்காரர்கள் சட்டத்தை மீறியபோது, மரபுக்காக உருகுகிற நம்மவர்கள் வாய் திறக்கவில்லை. இன்னொன்று: கட்டுகிறவளுக்கு விட்டுப்போக உரிமை உண்டென்றால், தறியிலிருந்து எழுந்துபோக நெசவாளியின் மகளுக்கும் உண்டு. கோர்வை எடுத்துக் கொடுக்க ஒரு பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித்தான் அந்தக் கரை அழகாக வருமென்றால், அந்த அழகை ரசிக்க எனக்குக் கூசுகிறது.

குவாதமாலாவின் மாயா பெண்கள் இடுப்புத்தறியில் தாங்களே நெய்து தாங்களே உடுத்துகிறவர்கள். மேல்சட்டையின் கோலத்தைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடலாம். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அந்த அடையாளமே உயிருக்கு ஆபத்தாயிற்று. பலர் அவிழ்த்து ஒளித்து வைத்தார்கள். 2016ல் அவர்களுடைய ஒரு சங்கம், இந்தக் கோலங்கள் எங்கள் சமூகத்தின் சொத்து என்று அரசியல் சாசன நீதிமன்றத்துக்குப் போயிற்று. அவிழ்த்து வைத்த துணியைத் தமது என்று கோருகிறவர்களிடம் மரபு என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. நம்மிடம் நெய்கிறவள் கட்டுவதில்லை, கட்டுகிறவள் நெய்வதில்லை. நடுவில் ஜாதியும் விலையும். இதில் 'நம் மரபு' என்பதில் உள்ள 'நாம்' யார்?

நாற்று நடும் பெண்களைப் பாருங்கள். புடவைக்கு மேல் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையாகக் குனிந்து நிற்கிறார்கள். வெயிலுக்கு, சேற்றுக்கு, குனியும்போது வரப்பில் நிற்பவன் பார்வைக்கு. எந்த நிபுணரும் சொல்லித்தரவில்லை, தேவை கண்டுபிடித்தது. டெல்டாவில் என் காலத்தில் பெண்கள் தாமாக உண்டாக்கிக்கொண்ட உடை இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. இதை யாரும் மரபு என்று சொல்லமாட்டார்கள். நடவு மெஷின் வந்து இது மறைந்தால் துக்கப்படவும் மாட்டார்கள்.

விட முடிந்தவள் வைத்துக்கொண்டால்தான் அது வைத்துக்கொள்வது. மற்றதெல்லாம் சுமப்பது. இதைப் புடவைக்கு மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள முடியுமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மரபிலிருந்து எழுதுகிறேன் என்று சொல்லிக்கொள்ளும் நம்மில் எத்தனை பேர் அதை விட்டுப் பார்த்திருக்கிறோம்?