எளிமையும் சுமையும்

மனிதன் வாழ்வதற்கு எவ்வளவு பொருள் போதும் என்னும் வினா மிகப் பழமையானது. அறநூலோரும் துறவியரும் காலந்தோறும் இதனை ஆராய்ந்து வந்துள்ளனர். உடைமை குறையக் குறைய உள்ளம் விடுதலை பெறும் என்பது அவர்களுள் பலர் கண்ட முடிபு. கேட்பதற்கு இனிய இம்முடிபைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இல்லத்தில் இருப்போர்க்கு அரிதாகவே கிட்டுகின்றது. வீட்டில் ஒரு பொருள் மிகுந்தால் அது மூலையில் கிடக்கும். குறைந்தால் கடையில் கிடைக்கும். மிகுதியின் பாரத்தையும் குறைவின் துன்பத்தையும் ஒருவன் தன் உடலாலேயே உணர வேண்டுமாயின், வேண்டியவை அனைத்தையும் ஒரு முதுகுப்பையில் கட்டிக்கொண்டு பல நாள் மலையும் காடும் கடந்து நடந்து பார்க்க வேண்டும். எளிமை என்னும் அறம் எங்கே தொடங்குகின்றது, எங்கே பிழையாகின்றது என்பதை அத்தகைய நெடுநடை தெளிவாகக் காட்டும்.

நெடுநடை செல்வோர் முதலிற் கற்கும் பாடம் கழித்தல். மழை பெய்தால் என்ன செய்வது, குளிர் வாட்டினால் என்ன செய்வது, விளக்கு அணைந்தால் என்ன செய்வது என்று எழும் ஒவ்வோர் அச்சத்திற்கும் ஒரு பொருளைப் பையில் இட்டுக்கொண்டே அவர்கள் புறப்படுகின்றனர். முதல் ஏற்றத்திலேயே தோள்பட்டை வலிக்கத் தொடங்குகின்றது. பையில் இருப்பது பாதி பொருள், பாதி அச்சம் என்பது அப்பொழுது விளங்குகின்றது. இரண்டாம் கத்தியையும் மூன்றாம் சட்டையையும் அடுத்த ஊர் அஞ்சலகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு நடையைத் தொடர்கின்றனர். சுமை குறைந்ததும் கண்கள் தரையை விட்டு நிமிர்கின்றன. மரமும் பறவையும் அதன்பின்னரே புலப்படுகின்றன. எளிமையைப் போற்றிய சான்றோர் கூற்றில் உண்மை உண்டு என்பதற்கு இதுவே போதிய சான்று.

எளிய நடைக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ஒன்று அமெரிக்காவில் உண்டு. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில், தெற்கே ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வடக்கே மெயின் மாநிலத்துக் கட்டாடின் மலைவரை, 14 மாநிலங்களின் ஊடே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீள்வது அப்பலாச்சியன் நடைபாதை. 1921ஆம் ஆண்டில் பென்டன் மெக்கே என்பவரால் முன்மொழியப்பட்ட இப்பாதை 1937இல் நிறைவெய்தியது. 1955ஆம் ஆண்டில் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, தம் 67ஆம் வயதில், இப்பாதை முழுவதையும் தனியே ஒரே பருவத்தில் நடந்து முடித்த முதற் பெண்மணியானார். 11 பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் அவர். அவரிடம் கூடாரம் இல்லை, உறக்கப்பை இல்லை. தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் தொங்கவிட்டு, ஒரு போர்வையும், மழைக்குக் காப்பாகக் குளியலறைத் திரைச்சீலை ஒன்றும் கொண்டு, கான்வாஸ் காலணியுடன் அவர் நடந்தார்.

இவ்வரலாற்றை எளிமையின் வெற்றியாகப் போற்றுவோர் பலர். அது போற்றத்தக்கதே. ஆயினும் அதன் மற்றிரு பகுதிகளையும் சேர்த்துப் படிப்பதே நேர்மை. முந்திய 1954ஆம் ஆண்டில், மெயின் மாநிலத்திலிருந்து அவர் தொடங்கிய நடை முற்றுப்பெறவில்லை. அவர் வழி தவறினார், மூக்குக்கண்ணாடி உடைந்தது, வனக்காவலர்கள் அவரைத் தேட நேர்ந்தது, வீடு திரும்புமாறு அவர்கள் வற்புறுத்தினர். 1955ஆம் ஆண்டிலோ, பல இரவுகளில் அவர் வழியோர வீடுகளின் கதவைத் தட்டி, முன்பின் அறியாதவர்கள் தந்த உணவையும் படுக்கையையும் பெற்றார். அவர் பையில் இல்லாத கூரை ஏதோ ஒரு வீட்டின் மேல் இருந்தது. ஒருவன் சுமக்காத எடை மறைந்துவிடுவதில்லை. சில வேளைகளில் அது மற்றொருவர் தோளுக்கு இடம் மாறுகின்றது. அவ்வாறு மாறும்போதும் எளிமையை அறமெனக் கொள்ளலாமா என்பதே ஈண்டு ஆராய்தற்குரிய வினா.

இவ்வாராய்ச்சிக்குத் தொங்குபடுக்கை பெரிதும் துணை செய்யும். இரு மரங்களுக்கிடையே கட்டப்படும் இத்துணிப்படுக்கை கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் உலகிற்கு வழங்கிய கொடை. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததே. தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய ஏணைகளைக் கண்டவர்க்கு இதன் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. கூடாரம் அடிக்கச் சமதரை வேண்டும். தொங்குபடுக்கைக்கோ, கல்லும் வேரும் நிறைந்த சரிவிலும் உறுதியான இரு மரங்கள் இருந்தாற் போதும். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் வட்டாரக் காடுகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படையினர்க்குக் கூரையும் கொசுவலையும் இணைந்த தொங்குபடுக்கைகள் வழங்கப்பட்டன. ஈரத்தரை, எறும்பு, அட்டை ஆகியவற்றிலிருந்து அது உடலை உயர்த்திக் காக்கும். கீழே தவழும் காற்று புழுக்கத்தையும் தணிக்கும்.

தாழ்நிலக் காட்டில் அருளாகும் அதே காற்று குளிர்மலையில் பகையாகின்றது. போர்வை உடலைக் காப்பது, தன்னுள் அடைபட்ட காற்றின் துணையால். முதுகின் கீழ் அகப்பட்ட போர்வை உடலின் எடையால் நசுங்கி அக்காற்றை இழந்துவிடுகின்றது. அதன் அடியிலோ குளிர்காற்று தடையின்றி வீசுகின்றது. மேலே எத்தனை போர்வை போர்த்தினும் முதுகு குளிர்ந்துபோகும். ஆதலின் குளிர்காலத்தில் இதிற் படுப்போர், படுக்கையின் வெளிப்புறத்தில், நசுங்காதவாறு மற்றொரு போர்வையை அடியிற் கட்டித் தொங்கவிடுவர். கோடையில் வீண்சுமை எனக் கழித்த பொருளே குளிர்காலத்தில் உயிர் காக்கும் பொருளாகின்றது.

போதும் என்னும் சொல்லுக்கு நிலையான அளவு இல்லை என்பது இதனாற் பெறப்படும். ஏப்ரல் மாதத்தில் ஜார்ஜியாவின் காடுகள் தளிர்விடும். 1934ஆம் ஆண்டின் அதே ஏப்ரலில், அப்பலாச்சியன் பாதை கடந்துசெல்லும் நியூ ஹாம்ஷயர் மாநிலத்து வாஷிங்டன் மலையுச்சியில், மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது பதிவாகியுள்ளது. பாதை ஒன்று, திங்களும் ஒன்று, எனினும் தெற்கே மிகையாவது வடக்கே குறையாகின்றது. திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனை நோக்கி அமைந்தவை எனினும், பை கட்டும் வழிப்போக்கனுக்கும் அவ்வரிசை பொருந்தும். தன் வலிமை எவ்வளவு, செல்லும் காலம் எது, செல்லும் இடம் எத்தகையது என்னும் மூன்றையும் எண்ணிப் பாராது, தனக்கு இது போதும் என்று கூறுபவன் ஆசையைக் குறைத்தவன் ஆகான். சிந்தனையைக் குறைத்தவனே ஆவான்.

இனி, சுமை இடம் மாறும் முறையைக் காணலாம். தொங்குபடுக்கையிற் கிடப்பவன் எடையற்றவன்போல் உணர்கின்றான். அவன் எடையை இரு மரங்கள் தாங்குகின்றன. 70 கிலோகிராம் எடையுள்ளவன் படுக்கும்போது, கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருக்குமாயின், ஒவ்வொரு பக்கத்துக் கயிற்றின் இழுவிசையும் ஏறத்தாழ 70 கிலோகிராம் எடைக்குச் சமம். தொய்வு கூடாது என்று கயிற்றை இறுக்கிக் கட்டி, சரிவை 10 பாகையாகக் குறைத்தால், அவ்விழுவிசை 200 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். மெல்லிய கயிறாயின் அது பட்டையில் அழுந்தி, மரத்தின் உணவு செல்லும் திசுக்களைச் சிதைக்கும். ஆகவே அகன்ற நாடாவைச் சுற்றிக் கட்டுவதே முறை. அந்நாடாவைச் சுமக்க மனமின்றி மெல்லிய கயிற்றோடு வருபவன், சில கிராம் எடையை மரத்தின் மேல் ஏற்றிவிட்டுத் தன்னை எளியவன் என்று கருதிக்கொள்கின்றான்.

மரத்தின் நிலையே மீட்புப் பணியாளரின் நிலையும். மழைத்துணியை வேண்டாமென விட்டு வந்தவன் நனைந்து நடுங்கி வழியில் வீழ்ந்தால், இரவென்றும் வெள்ளமென்றும் பாராது சிலர் புறப்பட வேண்டியுள்ளது. அவன் சுமக்க மறுத்த சிறு துணிக்கு ஈடாக, அவனையே அவர்கள் சுமந்து மலையிறங்குகின்றனர். மலேசியத் தீபகற்பத்தின் மிகவுயர்ந்த சிகரமான தாஹான் மலை 2,187 மீட்டர் உயரமுடையது. கோலா தாஹானிலிருந்து அதற்குச் செல்லும் பாதை தாஹான் ஆற்றைப் பலமுறை கடக்கின்றது. மழையற்ற நாளில் நடந்தே கடக்கக்கூடிய அவ்வாறு, வடகிழக்குப் பருவமழையில் இறங்கவொண்ணாத வெள்ளமாகப் பெருகும். அக்காலத்தில் மலையேற்றம் பொதுவாக நிறுத்தப்படுகின்றது. ஏனைய காலத்திலும் வழிகாட்டியின்றிச் செல்ல இயலாது. இத்தகைய விதிகளைத் தம் விடுதலைக்குத் தடையென்று வெறுப்போர் உண்டு. தாம் இடருற்றால் அவ்வெள்ளத்தில் யார் இறங்க வேண்டியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பாராயின், அவ்விதிகளிற் பொதிந்துள்ள அறம் அவர்களுக்கு விளங்கும்.

அவ்வாறாயின், பிறர் உதவியைப் பெறுவதே குற்றமா என்று கேட்கலாம். குற்றமன்று. பிறர் துணை சிறிதுமின்றி வாழ்பவர் உலகில் எவரும் இலர். அப்பலாச்சியன் பாதையைச் செப்பனிட்டுக் காப்பவர் பெரும்பாலும் தொண்டர்களே. வழிநெடுக 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் உள்ளன. முற்காலத்தில் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டதும் இத்தகைய நல்லெண்ணத்தாலேயே. தலைச்சுமையோடு வருபவர், வேறொருவர் கைத்துணையை நாடாது, சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அவை உதவின. சுமப்பவன் களைப்பான் என்பதை உணர்ந்த சமுதாயம் மனமுவந்து முன்கூட்டியே அமைத்த துணை அது. எம்மா கேட்வுட் தட்டிய கதவுகளும் ஏறக்குறைய அத்தகையனவே. வீட்டார் விரும்பினால் திறக்கலாம், விரும்பாவிடின் மறுக்கலாம், மறுத்தவரும் இருந்தனர்.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. மறுக்கும் உரிமையுடையவரிடம் கேட்டுப் பெறுவது உதவி. மறுக்க இயலாதவர்மேல் ஏற்றப்படுவது சுமை. மரம் மறுக்க இயலாது. உயிருக்குப் போராடுபவனைக் கண்ட மீட்பாளரும், மனச்சான்றுடையவராயின், மறுக்க இயலாது. எல்லா ஏற்பாட்டோடும் சென்றவனுக்கும் விபத்து நேரலாம். அதற்காக அவனைப் பழித்தல் தகாது. முன்னறியக்கூடிய குறையைக் கருதாது விட்டு, அதன் விளைவை மறுக்க வழியில்லாதவர் தோளில் ஏற்றுவதே பிழை. இதனையே காரணமாகக் காட்டி எல்லாவற்றையும் அள்ளிக் கட்டிச் செல்வதும் அறமாகாது. மிகுபாரத்தால் களைத்து வீழ்பவனை அவன் பையோடு சேர்த்தே பிறர் சுமக்க வேண்டியிருக்கும்.

காட்டுப் பாதையிற் கண்ட இவ்வளவுகோல் வீட்டிற்கும் பள்ளிக்கும் பொருந்தும். பொருளாசை அற்றவன் என்று பெருமை பேசும் குடும்பத் தலைவன், நாளைய அரிசிக்கு அண்டை வீட்டில் கையேந்தும் பொறுப்பை மனைவிக்கு விட்டுவிடுவானாயின், அவனது பற்றின்மைக்கு அவளே விலை கொடுக்கின்றாள். வாங்க வசதியிருந்தும் நாள்தோறும் எழுதுகோலின்றி வகுப்புக்கு வரும் மாணவனின் பை இலேசானதுதான். அவன் பொருட்டு அருகிலிருப்பவன் இரண்டு எழுதுகோல்களைச் சுமக்கின்றான்.

முதுகுப்பையைக் கட்டும்போது ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இஃது இல்லாமல் நடக்க முடியுமா என்று கேட்பது முதல் வினா. இஃது இல்லாமற்போனால் அக்குறையை யார் சுமப்பார் என்பது இரண்டாம் வினா. முதல் வினா பையை இலேசாக்கும். இரண்டாம் வினா அவ்வெளிமையை அறமாக்கும்.