28 பவுண்டு வாழ்க்கை

1776-ல் இங்கிலாந்தின் கலால் அதிகாரிகளிடமிருந்து ஜான் வெஸ்லிக்கு ஒரு கடிதம் வந்தது. வெள்ளிப் பாத்திரங்களுக்கு அன்று வரி உண்டு. இவ்வளவு பேர்போன போதகரின் வீட்டில் வெள்ளி இல்லாமலா இருக்கும், கணக்கில் காட்டாமல் விட்டிருப்பார் என்று அவர்களுக்குச் சந்தேகம். வெஸ்லியின் பதில் மிகச் சுருக்கம்: லண்டனில் இரண்டு வெள்ளித் தேக்கரண்டிகள், பிரிஸ்டலில் இரண்டு. சுற்றிலும் பலர் ரொட்டிக்கு வழியில்லாமல் இருக்கும்வரை இதற்கு மேல் வாங்குவதாக இல்லை.

பணமில்லாதவர் எழுதிய பதில் அல்ல அது. மெதடிஸ்ட் இயக்கத்தின் நிறுவனரான வெஸ்லி, ஏழைகளும் வாங்கிப் படிக்கட்டும் என்று சில பென்ஸ் விலையில் சிறுநூல்களை அச்சிட்டார். அவை விற்ற விற்பனை அவரே எதிர்பாராத வகையில் அவரைச் செல்வராக்கியது. வாழ்நாளில் அவர் பிறருக்குக் கொடுத்தது 30,000 பவுண்டு இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அக்காலத்தில் ஆண்டுக்கு 30 பவுண்டு இருந்தால் தனியாள் ஒருவர் கௌரவமாகக் காலம் தள்ளலாம்.

முதுமையில் எழுதிய ஒரு பிரசங்கத்தில் அவர் ஆக்ஸ்ஃபோர்டு இளைஞன் ஒருவனின் வரவு செலவைச் சொல்கிறார். முதலாண்டு வருமானம் 30 பவுண்டு. 28-ல் வாழ்ந்தான், 2 பவுண்டைக் கொடுத்தான். மறு ஆண்டு வருமானம் 60. அப்போதும் 28-தான் தனக்கு, 32 பிறருக்கு. பிறகு 90, பிறகு 120. அந்த 28 மட்டும் அசையவே இல்லை. பெயர் சொல்லாமல் எழுதினாலும், இது வெஸ்லியின் சொந்தக் கதைதான் என்பதில் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்களுக்கு ஐயமில்லை.

அவர் எவ்வளவு கொடுத்தார் என்பதைவிட, எதை முதலில் முடிவு செய்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. வருமானம் உயரும், வீடு பெரிதாகும், வண்டி மாறும், பிள்ளையின் பள்ளி மாறும். எல்லாம் போக மிஞ்சினால் காணிக்கை. பெரும்பாலோர் போடும் வாழ்க்கைத் திட்டம் இந்த வரிசையில்தான் போகிறது. ஒழுங்காகத் தசமபாகம் செலுத்துபவருக்கும் முழு விடுதலை இல்லை: வருமானம் நான்கு மடங்கானால் கையில் நிற்கும் ஒன்பது பங்கும் நான்கு மடங்காகும். வெஸ்லி விழுக்காட்டை விட்டுவிட்டுச் செலவுக்கு உச்சவரம்பு வைத்தார். அரசாங்கம் நிலத்துக்கு வைப்பதை, ஒரு மனிதர் யாரும் கேட்காமலேயே தன் சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் வைத்துக்கொண்டார்.

எதிர்காலத்துக்குத் திட்டமிடுவதே விசுவாசக் குறைவு என்று நினைக்கும் கிறிஸ்தவர்கள் எக்காலத்திலும் உண்டு. லூக்கா நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்தில் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தவன் அன்றிரவே செத்துப்போகிறானே என்பார்கள். ஆனால் அதே வேதாகமத்தில் யோசேப்பு ஏழாண்டு விளைச்சலை எகிப்தின் களஞ்சியங்களில் சேர்த்து வைக்கிறார். அதற்காக அவரை யாரும் மதிகேடன் என்று சொல்லவில்லை. சொந்தக் குடும்பத்தைக் கவனிக்காதவனைப் பவுல் அவிசுவாசியைவிடக் கீழே வைக்கிறார். எனவே குற்றம் களஞ்சியத்தின் மேல் இல்லை. உவமையில் வரும் செல்வன் யாரையும் ஏமாற்றியதாகவோ கூலியைப் பிடித்துக்கொண்டதாகவோ ஒரு சொல்கூட இல்லை. அவனுடைய திட்டத்தில் அவனைத் தவிர இன்னொரு ஆளே கிடையாது என்பதுதான் அவனுக்கு எதிரான ஒரே சாட்சி.

வறுமையை வெஸ்லி அழகுபடுத்திப் பார்த்தவரல்ல. 1705-ல் அவருடைய தந்தை சாமுவேல், கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டபோது ஜானுக்கு இரண்டு வயது. 1760-ல் வெளியான ‘பணத்தின் பயன்பாடு’ பிரசங்கத்தில் முடிந்தவரை சம்பாதிக்கச் சொன்னார், முடிந்தவரை மிச்சம் பிடிக்கச் சொன்னார், முடிந்தவரை கொடுக்கச் சொன்னார். சம்பாதிப்பதற்கு மட்டும் நிபந்தனைகள்: தன் உடலையோ மனத்தையோ கெடுக்கும் வேலை கூடாது, அடுத்தவனைக் கெடுக்கும் தொழில் கூடாது. சாராய வியாபாரிகளை அவர் கடிந்துகொண்ட கடுமை இன்றும் படிப்பவரை உலுக்கும்.

திட்டமே வேண்டாம் என்ற தரப்புக்குச் சான்றாகக் காட்டப்படுபவர் ஜார்ஜ் முல்லர். 1830-ல் நிலையான சம்பளத்தைத் துறந்து, பிரிஸ்டலில் பின்னாளில் 2,000-க்கும் மேற்பட்ட அனாதைப் பிள்ளைகளுக்கு இடமளித்த இல்லங்களை, எந்த மனிதரிடமும் கை நீட்டாமல் நடத்தினார். 1901-ல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் குடியேறிய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அதே வழியைப் பின்பற்றியவர். ஆனால் முல்லரை அருகில் சென்று பார்த்தால் கண்ணில் படுவது கறாரான கணக்குப்பிள்ளை. கடன் வாங்குவதில்லை, முழுத் தொகை கைக்கு வராமல் கட்டடம் தொடங்குவதில்லை, ஆண்டறிக்கை தவறாமல் அச்சாகும். (அந்த அறிக்கையைப் படித்தே பலர் பணம் அனுப்பினார்கள் என்பது வேறு கதை.)

வெஸ்லியின் வழிக்கு வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: அவருக்குப் பிள்ளைகள் இல்லை. 1751-ல் அவர் மணந்த விதவையிடம் சொந்தச் சொத்து இருந்தது. ஓய்வூதியம் இல்லாத கூலித்தொழிலாளியிடமும், ஒரு அறுவைச் சிகிச்சையில் சேமிப்பு முழுவதையும் இழக்கக்கூடிய குடும்பத்திடமும் 28 பவுண்டுக் கதையைச் சொல்வது பொறுப்பற்ற செயல். அவர்கள் முதுமைக்குச் சேர்ப்பது களஞ்சியக்காரனின் பேராசை ஆகாது. உச்சவரம்புக்குள் பிள்ளைகளின் படிப்பும் காப்பீடும் மருத்துவமும் அடங்கட்டும். ஆனால் அந்த எண்ணைச் சம்பள உயர்வு வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். வந்த பிறகு எழுதுபவருக்கு எல்லாமே தேவையாகத் தெரியும்.

தம் இயக்கத்திலேயே இது நடந்ததை வெஸ்லி கண்டார். விசுவாசம் உழைப்பையும் சிக்கனத்தையும் தருகிறது, அவை செல்வத்தைத் தருகின்றன, செல்வம் விசுவாசத்தைத் தின்கிறது என்று 1786-ல் வருந்தினார். பின்னாளில் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் புராட்டஸ்டண்ட் ஒழுக்கத்தையும் முதலாளித்துவத்தையும் இணைத்து எழுதியபோது எடுத்தாண்டது இந்தப் பகுதியைத்தான். சம்பாதிப்பது, மிச்சம் பிடிப்பது, கொடுப்பது என்ற மூன்று விதிகளில் முதல் இரண்டை மட்டும் தம் மக்கள் பிடித்துக்கொண்டார்கள் என்பது வெஸ்லியின் கடைசிக்காலக் குறை.

பரம்பரைச் சொத்தைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கசப்பானது. சமமாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. பணத்தை நல்வழியில் செலவிடத் தெரிந்த பிள்ளை இருந்தால் பெரும்பகுதி அந்தப் பிள்ளைக்கு. மற்றவர்களுக்குப் பழகிய வாழ்க்கையை நடத்தும் அளவுக்கு. ஒருவருக்கும் தெரியாதென்றால் வறுமை அண்டாத அளவுக்கு மட்டும், மீதி பிறருக்கு. இப்படி ஓர் உயில் எழுதினால் எந்த ஊரிலும் வழக்கு நிச்சயம். களஞ்சியக்காரன் உவமைகூட ஒரு பாகப்பிரிவினைத் தகராறில்தான் பிறந்தது: அண்ணன் தம்பிக்குள் சொத்தைப் பிரித்துத் தரும்படி கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார், இயேசு மறுத்துவிட்டு அந்தக் கதையைச் சொன்னார். கேட்டவருக்கு நியாயமான பங்கு இருந்ததா என்று லூக்கா எழுதவில்லை.