குறிப்பேடும் கொடையும்

மகப்பேற்றுக்குக் காத்திருக்கும் இல்லங்கள் சிலவற்றில், விடியலில் கண்விழித்ததும் வெப்பமானியை வாயில் வைத்துக் குறிப்பெழுதும் மனைவியரைக் காண்கிறோம். கருமுட்டை வெளிப்பட்டபின் உடல்வெப்பம் சற்றே உயரும். அது உயர்ந்ததை அறியும்போது உரிய நாள் கடந்திருக்கும். நாள் நெருங்குவதை முன்னுணர்த்துவது கருப்பைவாய்ச் சுரப்பின் தெளிவும் வழுவழுப்புமே. 1953-இல் மெல்போர்ன் நகரில் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் தொடங்கிய ஆய்வு, எழுத்தறியாப் பெண்களும் இதனைக் கண்டுணர வழிசெய்தது.

இவ்வாறு நாள் பார்ப்பது விசுவாசக் குறைவா? அன்று. பருவம் பார்த்து விதைக்கும் உழவனை நாம் அவ்வாறு பழிப்பதில்லை. ஆயினும் பருவம் அறிந்தவன் மழைக்கு உரிமை கொண்டாடவியலாது. குழந்தை நமக்குச் சேரவேண்டிய கடனன்று, கொடையே என 1992-இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் உரைக்கின்றது.

இதை மறக்கும்போது குறிப்பேடு திங்கள்தோறும் தீர்ப்பேடாகிறது. அன்பின் இரவு கடமையின் இரவாகிறது. குறை கணவரிடமும் இருக்கலாம். எனினும் நம் திருமண வீடுகளிலும் கோவில் முற்றங்களிலும் ‘விசேஷம் ஏதும் உண்டா?’ என மனைவியையே வினவுகிறோம். அன்னாவின் வாய்விடா மன்றாட்டைக் குரு ஏலியும் குடிவெறி என்றல்லவா பிழைபட எண்ணினார்!

ஆகவே குறிப்பேட்டை இருவரும் சேர்ந்தே எழுதட்டும். ஓராண்டு கடந்தும், மனைவிக்கு 35 வயதாகிவிட்டால் ஆறு திங்கள் கடந்தும், கருவுறாவிடில் இருவருமே மருத்துவரை நாடட்டும். தொட்டில் வெறுமையாயினும் அவர்தம் இல்லறம் வெறுமையன்று. இதை முதலில் ஏற்க வேண்டியவர்கள், வினவும் நாமே.