கூத்தம்பலத்து நகை

கேரளக் கோயில்களின் கூத்தம்பலத்தில் வளர்ந்த கூடியாட்டம், வடமொழி நாடகங்களை இன்றளவும் நடித்துவரும் மரபாகும். அம்மரபில் நாயகனின் தோழனாக வரும் விதூஷகன் என்னும் நகைச்சுவைப் பாத்திரம், கோயில் மதிலுக்குள் நின்றுகொண்டே நாடகத்தின் உயர்நடையையும் அறநூல்கள் வகுத்த வாழ்க்கைக் குறிக்கோள்களையும் கேலி செய்கிறது. கேட்டிருப்போர் அக்குறிக்கோள்களை நம்புவோர், சிரிப்போரும் அவர்களே. தான் போற்றுவது கேலிக்குள்ளாகும்போது சிரிக்கிறவனுடைய பற்றுக்கு என்ன நேர்கிறது என்பது நாடக ஆய்வுக்கு மட்டும் உரிய வினா அன்று. சமய வாழ்வைப் பற்றிய வினாவும் ஆகும்.

கேலியின் முதல் வடிவம் பிரதிசுலோகம், அதாவது மூலச் சுலோகத்துக்கு எதிராகச் சொல்லப்படும் போலிச் சுலோகம். நாயகன் நாயகியின் அழகை வடமொழியில் வருணித்து முடித்ததும், விதூஷகன் அதே யாப்பில், அதே சொல்லடுக்கின் சாயலில், பணிப்பெண் ஒருத்தியை மலையாளத்தில் வருணிக்கிறான். குலசேகரவர்மன் இயற்றிய ‘சுபத்ராதனஞ்சயம்’, ‘தபதீசம்வரணம்’ ஆகிய நாடகங்களின் நடிப்பு முறையோடு பிணைந்துள்ள இவ்வழக்கத்தை, அவனுடைய அவைப் புலவன் தோலன் வகுத்தான் என்று மரபு கூறும். வடமொழி அறியாதவனும் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனினும் மூலத்தின் ஓசையைக் காதில் இருத்திக்கொண்டு கேட்பவனுக்கே, எந்த இடத்தில் எந்த உவமை சரிந்தது என்பது புலப்படும்.

இதனினும் துணிவு மிக்கது ‘புருஷார்த்தம்’ என்னும் பகுதி. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் நான்கு உறுதிப்பொருள்களை ஒதுக்கிவிட்டு, கணிகையரோடு களித்தலாகிய வினோதம், அவர்களையே ஏமாற்றுதலாகிய வஞ்சனம், விருந்துண்ணலாகிய அசனம், அரசனை அண்டிப் பிழைத்தலாகிய ராஜசேவை ஆகிய நான்கை அவற்றின் இடத்தில் விதூஷகன் அமர்த்துகிறான். கல்லாமையையே பெயராகக் கொண்ட ஒரு கற்பனை அந்தண ஊரில் நிகழ்வதாக அமைந்த இப்பகுதியை நடிகர் நாள்தோறும் சிறிது சிறிதாக விரித்துரைக்கிறார். அந்த ஊரார் கோயில் உரிமைக்காகச் சண்டையிடுவதையும், பந்தியில் இடம்பிடிக்க முந்துவதையும் முன்வரிசையில் அமர்ந்து கேட்டவர்கள், பெரும்பாலும் கோயில் உரிமையும் பந்தியில் முதலிடமும் உடையவர்களே.

அடங்கிக் கிடக்கும் வெறுப்புக்கு இத்தகைய கேலி ஒரு வடிகால் என்னும் விளக்கம் இங்கே பொருந்தாமைக்கு இதுவே காரணம். வடிகால் தேவைப்படுவது ஒடுக்கப்பட்டவனுக்கு; இந்த அரங்கிலோ சிரிப்பவனும் சிரிப்புக்குப் பொருளானவனும் ஒரே பந்தியினர்.

நாட்டிய சாத்திரத்துக்கு உரை வகுத்த காஷ்மீர அறிஞர் அபிநவகுப்தர், நகைச்சுவைக்கு மூலம் ‘அனௌசித்தியம்’, அதாவது ஒன்று தனக்குத் தகாத இடத்தில் நிற்பது, என்கிறார். வீடுபேற்றுக்கு வழியல்லாத ஒன்று வழிபோலத் தோன்றினால் அதுவும் நகைக்கே இடமாகும் என்றும், இத்தகாமை உறுதிப்பொருள் அனைத்திலும் அறியத்தக்கது என்றும் அவர் விரிக்கிறார். போலியைப் போலி என்று அறிய மெய்யானது முன்பே அறியப்பட்டிருக்க வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும். அதனால் கூத்தம்பலத்துச் சிரிப்பு உறுதிப்பொருள்களை மறுப்பதன்று. அவற்றை அளவுகோலாக ஏற்றுக்கொண்டே எழுவது. ஆயினும் எதனை அந்த அளவுகோலால் அளக்கிறது என்பதைத் தொல்காப்பிய உரையாசிரியர் பேராசிரியரே கூர்மையாகக் காட்டுகிறார். நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றான எள்ளலை, பிறரைத் தான் எள்ளி நகுதல், பிறரால் தான் எள்ளப்பட்டபோது நகுதல் என இரண்டாக அவர் பகுக்கிறார். விருந்தையும் அரசனின் தயவையும் பட்டியலிடக் கேட்டவன், தன் நாட்கள் சாத்திரம் சொன்ன நான்கைவிட விதூஷகன் சொன்ன நான்கிலேயே மிகுதியும் கழிகின்றன என்று உணர்ந்து சிரித்தான் எனில், அது இரண்டாம் வகை நகை.

ஆனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இவ்வழி மிக எளிதானது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிரித்தவன் வருந்த வேண்டியதில்லை. எழுந்து நேரே பந்திக்கே செல்லலாம்.

எல்லாரும் இவ்வாறு சிரித்துவிடுவதும் இல்லை. நாட்டிய சாத்திரத்தின் இறுதி இயலில், பரதரின் மக்கள் முனிவர்களை இழிவாக நடித்துக் காட்டிச் சாபம் பெறுகின்றனர். அந்நூலின் முதல் இயலிலோ, தங்கள் தோல்வியை மேடையில் கண்டு சினந்த அசுரர்களிடம், நாடகம் எவர் பக்கமும் சாராமல் மூவுலகின் இயல்பையும் காட்டுவது என்று பிரமன் பொறுமையாக விளக்குகிறான். அசுரர்களுக்கு விளக்கமும் நடிகர்களுக்குச் சாபமும் கிடைத்ததைக் காணும்போது, எள்ளப்பட்டபோது நகும் ஆற்றல் தவத்தால் தானே வந்துவிடுவதில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. கேரள மரபு இச்சிக்கலை ஒரு கட்டுப்பாட்டால் தீர்த்துக்கொண்டது: அரங்கில் விதூஷகனாக நடிக்கும் சாக்கியார் எவரைச் சுட்டிக் கேலி செய்தாலும், அவர் அமைதியாக அமர்ந்திருக்க வேண்டும், மறுமொழி கூறும் உரிமை அவருக்கு இல்லை. மறுமொழி ஏட்டில் எழுந்தது. பொதுவாகப் பதினைந்தாம் நூற்றாண்டைச் சார்ந்ததாகக் கருதப்படும் ‘நடாங்குசம்’ என்னும் வடமொழி நூல், கூடியாட்ட நடிகர்கள் மூலநூலில் இல்லாதவற்றைக் கூட்டி ஆடுவதைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத அந்நூல், கற்ற பார்வையாளர் ஒருவரின் சினம் என்றே கொள்ளத்தக்கது.

சினந்தோரும் சிரித்தோரும் மதிலுக்கு உள்ளே இருந்தவர்கள். திருவிதாங்கூரில் ஆலய நுழைவு அறிவிப்பு வெளியான 1936 வரை, பிறப்பின் காரணமாக அம்மதிலைக் கடக்க முடியாதவர்களுக்கு உறுதிப்பொருளும் அதன் கேலியும் ஒருங்கே மறுக்கப்பட்டிருந்தன. பின்னர் பைங்குளம் ராம சாக்கியார் போன்றோர் இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொணர்ந்தனர். கேரள கலாமண்டலத்தில் 1965இல் அதற்கெனத் தனித் துறையும் தோன்றியது. அரங்கு பொதுவானதும் பார்வையாளரும் மாறினர். பந்தியில் என்றும் அமர்த்தப்படாதவரின் வழித்தோன்றல் இன்று அப்பந்திச் சண்டையைக் கேட்டுச் சிரிக்கும்போது, அந்தச் சிரிப்பு பிறரை எள்ளி நகுதலாகவே இருக்கலாம். அதற்குரிய நியாயமும் அவரிடம் உண்டு.