காட்சியும் காலவேற்றுமையும்

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலக வழக்கு. காதாற் கேட்டதை ஐயுறுவோரும் கண்ணாற் கண்டதை ஐயுறார். வகுப்பறையிலும் இவ்வழக்கே ஆட்சி செய்கின்றது. மாணாக்கன் ஒருவன் கண்டதாகக் கூறுவது நாம் கண்டதனோடு மாறுபடுமாயின், அவன் பொய் கூறினான் என்றாதல், கவனமின்றி நோக்கினான் என்றாதல் உடனே தீர்ப்பளிக்கின்றோம். மூன்றாவதொரு காரணம் இருத்தல் கூடும் என்னும் எண்ணம் நம் மனத்தில் எழுவதில்லை. இருவர் ஒரே நிகழ்ச்சியை நேர்மையோடு நோக்கியும், அது நிகழ்ந்த கணத்தை வெவ்வேறாகக் கூறுதல் இயலுமோ? இயலுமாயின், ஒருவரைப் பிழையுடையாரென்று தண்டித்தற்கு மற்றவர்க்குள்ள உரிமை யாது? ஆசிரியத் தொழில் புரிவோர் யாவரும் இவ்வினாவை ஆராய்தல் வேண்டும்.

இதற்கு விடை தரும் வரலாறொன்று உண்டு. இங்கிலாந்திலே கிறினிச் என்னும் இடத்திலுள்ள அரச வானாராய்ச்சிச்சாலைக்கு 1765 ஆம் ஆண்டு தொடக்கம் தலைவராயிருந்தவர் நெவில் மஸ்கலைன். டேவிட் கின்னபுறூக் என்னும் இளைஞர் 1794 இல் அவருக்கு உதவியாளராயினார். விண்மீன்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் கணத்தைக் குறித்தல் அங்கே நடைபெற்ற முக்கியமான வேலை. தூரதிருட்டிக் கண்ணாடியினுள்ளே மெல்லிய கம்பிகள் நிலைக்குத்தாகக் கட்டப்பட்டிருக்கும். நோக்குபவர் மணிக்கூட்டின் அடிகளைக் காதினாற் கேட்டு எண்ணிக்கொண்டே, விண்மீன் கம்பியை அணுகுதலைக் கண்ணினாற் காண்பார். ஓரடி கேட்டபோது மீன் கம்பிக்கு இப்பால் எவ்வளவு தூரத்தில் நின்றது, அடுத்த அடி கேட்டபோது அப்பால் எவ்வளவு தூரம் சென்றுவிட்டது என்பவற்றை மனத்தில் அமைத்து, இடைப்பட்ட செக்கனைப் பத்தாகப் பகுத்து, அது கம்பியைக் கடந்த கணத்தைக் கணிப்பார்.

கின்னபுறூக் குறித்த கணங்கள் தலைவர் குறித்தவற்றிலும் அரைச் செக்கன் பிந்தியிருத்தல் 1795 ஆகஸ்ட் மாதத்திற் காணப்பட்டது. திருத்திக்கொள்ளுமாறு தலைவர் கூறினார். 1796 சனவரியிலோ வேற்றுமை 0.8 செக்கனாக வளர்ந்தது. இது சிறு பிழையன்று. பூமி சுழலும் வேகத்தை நோக்குமிடத்து, 0.8 செக்கன் என்பது பூமத்தியரேகையில் ஏறத்தாழ 370 மீற்றர் தூரமாகும். கடலோடிகள் இடமறிதற்கு இக்கணிப்புக்களையே நம்பியிருந்தனர். ஆதலின் மஸ்கலைன், பிற வகைகளில் அவ்விளைஞர் ஊக்கமும் பயனும் உடையவர் என ஒப்புக்கொண்டே, மனமின்றி அவரை வேலையினின்றும் நீக்கினார். நோக்கும் முறையில் உதவியாளர் தவறினார் என்பதே தலைவரின் துணிபு. தமது கண்ணும் காதும் அளவுகோலாதற்குத் தக்கனவோ என்னும் வினா அவருக்குத் தோன்றவில்லை.

எனினும் மஸ்கலைன் ஒரு நற்செயல் செய்தார். நிகழ்ந்ததை மறையாது, ஆராய்ச்சிப் பதிவுகளோடு அச்சிற் பதிப்பித்தார். இருபது ஆண்டுகளின் பின், கோனிக்ஸ்பேர்க் நகரத்து வானநூலறிஞராகிய பெஸல் இச்செய்தியை அறிந்தார். எச்சரிக்கப்பட்ட பின்னும், முயற்சியுடைய ஒருவர் இத்துணைப் பெரும் பிழையைத் தொடர்ந்து செய்வாரோ என அவர் ஐயுற்றார். 1820 ஆம் ஆண்டளவில், வால்பெக் என்னும் மற்றோர் அறிஞரோடு சேர்ந்து ஒரே மீன்களை நோக்கினார். இருவரும் தேர்ந்தவர்கள்; இருவரும் கவனமுடையவர்கள். ஆயினும் அவர்கள் குறித்த கணங்கள் ஒரு செக்கனுக்கும் மேலாக வேறுபட்டன. குற்றமென்று எண்ணப்பட்டது மனித இயற்கையே என்பது இவ்வாறு வெளிப்பட்டது. கின்னபுறூக் இதனைக் கேட்டு ஆறுதலடைய இயலவில்லை; அவர் 1802 ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டார்.

இவ்வேற்றுமை எவ்வாறு உண்டாகின்றது? கண்ணிலே ஒளி பட்ட அக்கணமே காட்சி நிகழ்கின்றது என நாம் எண்ணுகின்றோம். அவ்வாறன்று. விழித்திரையில் ஒளி இரசாயன மாற்றத்தை விளைத்து, அம்மாற்றம் நரம்பின் வழியே மூளையை அடைதற்குக் காலம் வேண்டும். காதின் செய்தி கண்ணின் செய்தியிலும் விரைந்து எழும். ஒளி மங்குந்தோறும் கண்ணின் தாமதம் மிகும். இரு புலன்களுள் எதனிடத்துக் கவனம் முன்னே நிற்கின்றதோ, அதன் செய்தியே முந்தியது போலத் தோன்றும். இவற்றையெல்லாம் இணைத்து "இப்பொழுது" என்று மனம் துணியும் முறை ஆளுக்காள் வேறுபடும்.

இவற்றுள் ஒளி மங்குதலால் விளையும் தாமதத்தை வகுப்பிலேயே காட்டலாம். நீண்ட நூலிற் கல்லொன்றைக் கட்டி, மாணாக்கர்க்கு முன்னே இடம் வலமாக ஊசலாட விடுக. இரு கண்களையும் திறந்து, ஒரு கண்ணின் முன் மாத்திரம் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்து நோக்கச் செய்க. நேராக ஆடும் கல், முன்னும் பின்னுமாக நீள்வட்டத்திற் சுழல்வது போலத் தோன்றும். மறைக்கப்பட்ட கண் கல்லின் சற்றுமுந்திய நிலையைக் காட்டுதலே காரணம். இதனை 1922 இல் விளக்கியவர் ஜெர்மானியராகிய புல்ஃப்ரிச். அவர் ஒரு கண்ணின் பார்வையை முன்னரே இழந்திருந்தமையின் இத்தோற்றத்தைத் தாம் காண இயலாதவராயிருந்தார். பிறர் கண்டு கூறியதை நம்பி ஆராய்ந்தே அதன் காரணத்தை அவர் தெளிந்தார் என்பது நாம் கருதத்தக்கது.

எமது சித்தாந்த நூலாகிய சிவஞானசித்தியார் ஏனைய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கும். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாம் என்பது அதன் கொள்கை. கயிற்றைப் பாம்பெனக் காண்டல் திரிபென்று மாணாக்கருக்குக் கற்பிக்கின்றோம். அத்திரிபு விளக்கைக் கொணர்ந்தவுடன் நீங்கும். காலத்தின்கண் நிகழும் இத்திரிபோ விளக்கினால் நீங்குவதன்று. தன் காட்சியைப் பிறனொருவன் காட்சியோடு ஒப்புநோக்கிய வழியே அது புலப்படும். தனித்திருந்து நோக்குபவன் தன் தாமதத்தை ஒருபோதும் அறியான்.

அங்ஙனமாயின் பிழையென்பதே இல்லையோ, சோம்பலுடைய மாணாக்கனும் "என் கண்ணின் இயற்கை இது" என்று தப்பிக்கொள்ளானோ எனிற் கூறுதும். வேற்றுமை உண்டென்று கண்ட பெஸல் அளத்தலைக் கைவிட்டாரல்லர், வேற்றுமையையே அளந்தார். அவருக்குப் பின் வந்தோர் ஒவ்வொருவர்க்கும் உரிய திருத்தத்தைக் கணித்துச் சேர்த்துக்கொண்டனர். கவனமின்மையால் வரும் பிழை ஒருகால் முந்தும், ஒருகால் பிந்தும், அதற்கு ஒழுங்கில்லை. பக்கச்சார்பினால் வரும் பிழை வேண்டியவர்க்கு ஒரு விதமாகவும் வேண்டாதவர்க்கு வேறு விதமாகவும் அமையும். இயற்கையால் வரும் வேற்றுமையோ யாவர்க்கும் ஒரே பக்கமாக, பெரும்பாலும் ஒரே அளவினதாக நிற்கும். தண்டிக்குமுன் இம்மூன்றனுள் எதுவென்று ஆராய்தல் ஆசிரியர் கடன்.

இக்கடனில் நாம் தவறியதுண்டு. மிஷன் பாடசாலையிற் பயின்று, விஞ்ஞானம் கற்றோம் என்னும் செருக்கோடு ஆசிரியத் தொழிலில் அமர்ந்த காலம் அது. இல்ல விளையாட்டுப் போட்டியொன்றில் ஓட்ட நேரத்தைக் குறிக்கும் பொறுப்பு எமக்கும் மாணாக்கன் ஒருவனுக்கும் அளிக்கப்பட்டது. எம்முடைய நிறுத்தற்கடிகாரத்திலும் அவனுடையது எப்போதும் சற்று மிகுதியாகவே காட்டிற்று. மாற்றில்லத்து ஓட்டக்காரன் ஒருவன் முந்தைய சாதனையை முறியடித்தான் என்பது எம் கணக்கு. இல்லை என்பது அவன் கணக்கு. தன் இல்லத்துக்காகப் பொய் கூறுகின்றாய் என்று எல்லோர் முன்னிலையிலும் அவன் கையிலிருந்த கடிகாரத்தை வாங்கிக்கொண்டோம். அவன் மறுமொழி கூறவில்லை. சில நாட்களின் பின் பதிவுத்தாளைப் புரட்டினோம். ஒவ்வோர் ஓட்டத்திலும், தன் இல்லத்தார்க்கும் மாற்றில்லத்தார்க்கும், அவன் குறித்த நேரம் எம்முடையதினும் ஏறத்தாழ ஒரே அளவு மிகுந்திருந்தது. பக்கச்சார்பு அங்கே இல்லை. எவருடைய நேரம் மெய்யென்பதும் அத்தாளினால் துணியக்கூடியதன்று. எம்முடையதே மெய்யென்று கொண்டதற்கு நாம் ஆசிரியர் என்பதன்றி வேறு காரணம் இருந்ததில்லை. அவனிடம் அதனைக் கூற நாணி நாட்கடத்தினோம். அடுத்த தவணைக்கு அவன் பாடசாலைக்கு வரவில்லை.

ஆதலின் சைவாசிரியர்காள், புலனால் வரும் வேற்றுமை குற்றமன்று. அதனை ஆராயாது பிறர்மேற் குற்றமாகச் சுமத்துதலே குற்றம். மாணாக்கன் கண்டது நாம் கண்டதனோடு மாறுபடும்போது, இரண்டையும் தாளிற் குறித்து வைப்போமாக. பலமுறை நோக்கி ஒப்பிடுவோமாக. ஒப்பிடுங்கால் நம் கண்ணையும் அளக்கப்படும் பொருள்களுள் ஒன்றாக வைப்போமாக. பிழை நம்முடையதென்று தெரியவரின், அதனைச் சொல்லவேண்டியவனிடம் அன்றே சொல்லிவிடுவோமாக.